மைக் செட் அமிர்தம் மிதக்க விட்ட மணி

அமிர்தவல்லி எங்க இருக்கான்னு கேட்டா கீழப்பழுவூர்ல பாதிப் பேரு முழிப்பாங்க. மைக் செட் அமிர்தம்னு கேளுங்க, பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்க கூடவே வந்து வூட்டு வாசல்ல விட்டுட்டுப் போவாங்க. காதுகுத்தோ கல்யாணமோ, தேர்த் திருவிழாவோ சாவு வூடோ, அங்க அமிர்தத்தோட ஸ்பீக்கர் பாக்ஸு நிக்கும். அவளப் பெத்தவங்க அடுத்தவங்க வயல்ல நாத்து நட்டு, களை பறிச்சுக் காலத்த ஓட்டினவங்க. இவ ஐடிஐல எலக்ட்ரீசியன் படிச்சா. கெட்டுப்போன ஆம்ப்ளிஃபயர் ஒண்ண யாரோ தூக்கிப் போட்டாங்க, அதப் பிரிச்சுப் போட்டுப் பேச வச்சா, அங்க ஆரம்பிச்சுது தொழில். பொம்பளையாவது மைக் செட் வைக்கறதாவதுன்னு வாயப் பொத்திக்கிட்டு சிரிச்ச ஆளு ஒருத்தரு உண்டு. அவரு மக கல்யாணத்துக்கு இவதான் போயிப் பாட்டு போட்டா. சம்பந்தி வூட்டுக்காரங்க இவளத் தேடி வந்து பாராட்டிட்டுப் போனாங்க.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆனா பாதி ஆயுசு பாக்ஸுக்குப் பக்கத்துலயே நின்னவளுக்குக் காது என்னாகும்? கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. முகத்துக்கு நேரா நின்னு பேசினா, உதட்டப் பாத்து, பாதி சத்தத்தப் புடிச்சு, மீதிய ஊகிச்சு சமாளிச்சுக்குவா. முதுகுப் பக்கம் நின்னு பேசினா சுத்தமா ஒண்ணும் விழாது. வூட்ல பிரச்சன இல்ல. புருசன் அண்ணாதுரை சிமெண்ட் லாரி ஓட்டுறவரு. லாரிக்காரங்களுக்கு மெதுவாப் பேசவே தெரியாது, சோறு கேட்டாலும் அரியலூர் ரயில்வே கேட்டு வரைக்கும் கேக்கும். வெளியிலதான் வம்பு. தா.பழூர்ல ஒரு கல்யாணத்துல மைக்கு 'கூ'ன்னு கூவ ஆரம்பிச்சுது. மண்டபமே காதப் பொத்திக்கிட்டு நிக்குது, இவ மட்டும் மிக்ஸர் முன்னாடி சிரிச்ச மூஞ்சியா உக்காந்திருக்கா. மாப்பிள்ளையோட தாய்மாமன் வந்து வாய்க்கு வந்தபடி ஏசிட்டுப் போனாரு. அன்னைக்கு வூட்டுக்கு வந்து அழுதா அமிர்தம். தொழில் போயிடும்னு பயந்தா. யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு புருசன்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா.

இந்த நேரத்துலதான் ஹுஸ்னா வந்து சேந்தா. லெப்பைக்குடிக்காட்டுப் பொண்ணு. பெங்களூர்ல டிசைன் படிச்சவ. என்ன டிசைன், சேலையா சுடிதாரான்னு அமிர்தம் கேட்டதுக்கு, "மனுசங்க கம்ப்யூட்டர்கிட்ட எப்படிப் பழகுறாங்கன்னு கவனிச்சு, அதுக்கேத்த மாதிரி பொருள் செய்யற படிப்பு அக்கா"ன்னா. ஊருல துபாய், ஷார்ஜான்னு சம்பாதிச்சு வந்தவங்க நாலஞ்சு பேரு சேந்து ஒரு டிரஸ்ட் வச்சிருக்காங்க. அதுக்குத் தலைவரு நசீரு, ஹுஸ்னாவுக்குத் தாய்மாமா. குரும்பலூர்ல ஒரு பழைய கல்யாண மண்டபத்த எடுத்து, புள்ளைங்க வந்து பாக்கற மாதிரி அறிவியல் கூடம் ஆக்கப் போறாங்க. அதுக்கு ஒரு பொருள் செஞ்சு காட்டுறேன்னு மாமாகிட்ட ஹுஸ்னா வாக்குக் குடுத்திருந்தா.

"சத்தத்தால ஒரு தெர்மாகோல் மணிய அந்தரத்துல நிறுத்தணும் அக்கா. நூலு இல்லாம, காந்தம் இல்லாம. குட்டிக் குட்டி ஸ்பீக்கர் நிறைய சால்டர் பண்ணணும். சொந்தக்காரங்க கல்யாணத்துல நீங்க வயரு இழுத்த நேர்த்தியப் பாத்தேன். வரீங்களா?"

சத்தத்துக்குக் கூட்டம் சேக்கத் தெரியும், ஆள ஓட வைக்கத் தெரியும், அது அமிர்தம் பாத்தது. சத்தம் ஒரு பொருளத் தூக்கிப் புடிக்கும்னு இத்தன வருசத்துல ஒருத்தரும் சொல்லல. சின்னப் புள்ளைக்கு வர்ற மாதிரி ஒரு ஆச வந்துடுச்சு. கூடவே, "நல்லா அமைஞ்சுதுன்னா இதப் பாத்துக்க நிரந்தரமா ஒரு ஆளு வேணும், அது நீங்களாவே இருக்கலாம்"னு ஹுஸ்னா சொன்னது மனசுல ஒட்டிக்கிச்சு. கல்யாண ஆர்டரு ஒண்ணு ஒண்ணாக் கழண்டுக்கிட்டு வர்ற நேரம். காதப் பத்தித் தெரிஞ்சா இதுவும் போச்சு. சரிம்மா வரேன்னுட்டா.

ரெண்டு சோத்துச் சட்டிய எதிரும் புதிருமா, ஒண்ணுக்கு மேல ஒண்ணு வச்சாப்புல ஒரு அமைப்பு. சட்டிக்கு உள்பக்கம் பூராவும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஸ்பீக்கருங்க. மேல இருந்து வர்ற சத்தமும் கீழ இருந்து வர்ற சத்தமும் நடுவுல மோதி ஒரு புடிமானத்த உண்டாக்கும், அந்தப் புடிமானத்துல ஒரு தெர்மாகோல் மணி நிக்கும். இதுதான் விசயம். கம்ப்யூட்டர் திரையில ஓடுற புள்ளிய வெளிய எடுத்துக் காத்துல நிறுத்தணுங்கறது ஹுஸ்னாவோட கனவு. பக்கத்துல ஒரு குமிழு இருக்கும். சித்திரைக்குத் திருப்பினா மணி கீழ இறங்கும், ஐப்பசிக்குத் திருப்பினா மேல ஏறும். பெரம்பலூர்ப் பக்கத்துக் கிணறுங்கள்ல எந்த மாசம் எவ்வளவு தண்ணின்னு அந்த மணியோட உசரமே சொல்லும்.

சால்டர் வேலையெல்லாம் முடிஞ்ச மொத நாள் காலையில சுச்சப் போட்டா ஹுஸ்னா. மைக் செட் போடறவங்க பழக்கம், சுச்சு போட்டதும் மொதல்ல காதுதான் நீளும். அமிர்தம் காதக் குடுத்தா. ஒண்ணும் இல்ல. கிட்டப் போயிக் குனிஞ்சா. அப்பவும் ஒண்ணும் இல்ல. ஐயோ, சுத்தமாப் போயிடுச்சா காதுன்னு உசுரே போயிடுச்சு அவளுக்கு. ஹுஸ்னா பாத்துக்கிட்டு நிக்கிறா. என்னத்தயாவது சொல்லியாகணுமே.

"நல்லா கேக்குதும்மா. கிளியரா இருக்கு. ட்ரெபிளு மட்டும் லேசாத் தூக்கலா இருக்கு, கொறைச்சுக்கலாம்"னா.

ஹுஸ்னா ஒரு நிமிசம் அவ மூஞ்சியவே பாத்தா. ஏதோ சொல்ல வாயெடுத்தா, அப்புறம் விட்டுட்டா. "சரிக்கா"ன்னுட்டு, கொசுவலைத் துணித் துண்டுல ஒரு மணிய வச்சு ரெண்டு சட்டிக்கும் நடுவுல நீட்டினா. கொசுவலை ஓட்ட ஓட்டையா இருக்கறதால சத்தம் தங்குதடை இல்லாமப் போகுமாம். மணி ஆடுச்சு, துள்ளுச்சு, கீழ விழுந்துடுச்சு. மறுபடி வச்சா, மறுபடி விழுந்துடுச்சு. சாப்பாட்டு நேரம் போயி டீ நேரம் வந்துடுச்சு, மணி நிக்கிற மாதிரி தெரியல. ஹுஸ்னா மூஞ்சி சுண்டிப் போச்சு.

அமிர்தம் சட்டியக் கவுத்துப் போட்டு உக்காந்தா. ரெண்டு பாக்ஸுல ஒண்ணுக்கு பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்துட்டா ஒண்ணோட சத்தத்த இன்னொண்ணு தின்னுடும், தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம். ஒவ்வொரு வயரா விரல வச்சுக்கிட்டுப் போனா. ஒரு வரிசை பூராத் தலைகீழா இருந்துச்சு. சால்டர் பண்ணது வேற யாரு, அவளேதான். நாக்கக் கடிச்சுக்கிட்டா. "என் கோளாறுதாம்மா, நானே சரி பண்ணிடுறேன்"னு உக்காந்து பிரிச்சு மாட்டினா.

அப்புறம் கொசுவலையில மணிய வச்சு அவளே நீட்டினா. மெதுவாத் துணிய கீழ இறக்கினா. துணி இறங்குச்சு, மணி இறங்கல.

சாமி சத்தியமா நின்னுச்சு. நடுவுல, ஒண்ணும் இல்லாத இடத்துல, வெள்ளையா, லேசா நடுங்கிக்கிட்டு. அமிர்தம் மூச்சு விடக்கூட பயந்தா. ஹுஸ்னா "அல்லாஹ்"ன்னு நெஞ்சுல கைய வச்சா. குமிழத் திருப்பினா, மணி ஏறுச்சு. இந்தப் பக்கம் திருப்பினா, இறங்குச்சு. ரெண்டு பேரும் கையப் புடிச்சுக்கிட்டு அந்த வெறும் மண்டபத்துல புள்ளைங்க மாதிரி குதிச்சாங்க. வாழ்க்கையில இப்படி ஒரு சந்தோசம் அமிர்தத்துக்கு வந்ததே கிடையாது.

அவளக் கூட்டிட்டுப் போக அண்ணாதுரை வந்தாரு. மணியப் பாத்து வாயப் பொளந்தாரு. "சத்தத்துல நிக்கிதுங்கறீங்க, சத்தமே வரலையே பாப்பா?"ன்னு கேட்டாரு.

"எந்த மனுசக் காதுக்கும் கேக்காதுண்ணே. வௌவாலுக்கு வேணும்னா கேக்கும்"னா ஹுஸ்னா.

அமிர்தம் அந்த உதட்டசைவ நல்லாவே பாத்தா. நல்லா கேக்குது, ட்ரெபிளு தூக்கலா இருக்குன்னு காலையில தான் சொன்னது நெனவுக்கு வந்து உடம்பு பூரா வேத்துப் போச்சு. ஹுஸ்னாவத் திரும்பிப் பாத்தா. அவ வயரச் சுருட்டிக்கிட்டு இருந்தா, மூஞ்சியில ஒண்ணும் தெரியல. கவனிச்சாளா, மறந்துட்டாளா? கேக்கவும் முடியாது. அன்னையில இருந்து அந்த நெனப்பு முள்ளு மாதிரி அவ கூடவே இருந்துச்சு.

மாமாவும் டிரஸ்ட் ஆளுங்களும் வந்து பாக்கறதுக்கு முன்னாடி ஊருக்காரங்க நாலு பேர விட்டுப் பாக்கணும்னா ஹுஸ்னா. பழகிப் பாக்காம எதையும் முடிவு பண்ணக் கூடாதுங்கறது அவ படிப்பு. மொத ஆளா மண்டபத்து வாசல்ல பூ விக்கிற வீராயி வந்துச்சு. மணியப் பாத்துச்சு, மேல பாத்துச்சு, கீழ பாத்துச்சு. "நூலு எங்கடி கட்டியிருக்க?"ன்னு கேட்டுக்கிட்டே கைய உள்ள விட்டு மணிக்குக் கீழ ஒரு வீசு வீசுச்சு. கை குறுக்க வந்தா சத்தம் எப்படிப் போகும்? மணி விழுந்து ஓடிப் போச்சு. அடுத்து வந்த வாத்தியாரும் அதேதான் செஞ்சாரு. கொத்தனாரு, தபால்காரரு, காலேஜுப் பொண்ணுங்க, எல்லாரும் அதேதான். வந்த ஆளுல ஒருத்தராவது குமிழத் தொடணுமே. கை நேரா நூலத் தேடித்தான் போச்சு.

'தொடாதீர்கள்'னு போர்டு எழுதி வச்சா ஹுஸ்னா. போர்டு வச்ச பொறவு, சும்மா பாத்துட்டுப் போக வந்தவங்களும் கைய விட ஆரம்பிச்சாங்க. கண்ணாடி போட்டு மூடினா, உள்ள நூலு இருக்கறதாலதான் மூடிட்டாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஹுஸ்னா தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. "என்னக்கா இது, சொன்னா கேக்க மாட்டேங்கறாங்களே"ன்னா, அழற மாதிரி.

அமிர்தத்துக்கு சிரிப்பு வந்துடுச்சு. "ஏம்மா, மைக்க எவன் கையில குடுத்தாலும் மொதல்ல என்ன பண்ணுவான்?"

ஹுஸ்னா யோசிச்சா. "தட்டிப் பாப்பாங்க."

"தட்டுவான், ஊதுவான், அப்புறம்தான் பேசுவான். மந்திரியும் தட்டுவாரு, மாப்பிள்ளையும் தட்டுவான். தட்டாதீங்கன்னு கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். அப்புறம் நான் என்ன பண்ணேன் தெரியுமா? சொல்றத விட்டுட்டேன். மைக்கு மேல பஞ்சுத் தொப்பிய மாட்டி, தட்டினாலும் ஸ்பீக்கரு அலறாத அளவுக்கு சவுண்ட வச்சுட்டேன். தட்டிக்கிட்டுப் போகட்டும். தட்டினாத்தான அவனுக்கு மைக்கு மேல நம்பிக்கை வருது."

ஹுஸ்னா தலையத் தூக்கினா. கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு ஆயிடுச்சு. "நம்ம மணிக்குத் தொப்பி என்னக்கா?"

அமிர்தம் யோசிக்கவே இல்ல, கையில இருந்த கொசுவலைத் துண்டத் தூக்கிக் காட்டினா.

அப்புறம் வேல சூடு புடிச்சுது பாருங்க. மணி நிக்கிற இடத்துக்கு ஒரு விரக்கடை கீழ கொசுவலைய வளையத்துல இழுத்துக் கட்டினாங்க, நடுவுல லேசாக் குழி விழற மாதிரி. வலைக்கும் கீழ்ச் சட்டிக்கும் நடுவுல கை போக இடம் விட்டாங்க. கை உள்ள போனா மணி மெத்துன்னு வலை மேல உக்காந்துக்கும், எங்கயும் ஓடாது. கைய எடுத்தா சத்தம் மறுபடி புடிச்சுத் தூக்கும், மணி தானா எந்திரிச்சு நிக்கும். வளையம் கொஞ்சம் மேல போனா மணி எந்திரிக்காது, கீழ போனா சிக்காது. வெயில் ஏறினா காத்து சூடாகி சத்தத்தோட நடை மாறிப் போகும், மத்தியானத்துல சட்டிய ஒரு தடவ நகத்தணும். ஹுஸ்னா கம்ப்யூட்டர்ல கணக்குப் போட, அமிர்தம் திருகாணிய முறுக்க, இடம் சிக்கிடுச்சு.

வீராயி மறுபடி வந்துச்சு. கைய விட்டுச்சு. மணி உக்காந்துச்சு. கைய எடுத்துச்சு. மணி எந்திரிச்சுது. "அடி ஆத்தி, என்னைய பாத்து வெக்கப்படுது"ன்னு சொல்லி வீராயி திரும்பத் திரும்பக் கைய விட்டு விட்டு எடுத்துச்சு. பூ வாங்க வந்தவங்க வாசல்ல நின்னு கூப்புடறாங்க, அது நகரவே இல்ல. நூல் இல்லன்னு கைக்கு நம்பிக்கை வந்த பொறவு, "இந்தக் குமிழு எதுக்கு?"ன்னு தானாக் கேட்டுச்சு. சித்திரைக்குத் திருப்பி மணி இறங்கினதும், "எங்கூட்டுக் கிணறும் இப்படித்தான் கெடக்கு"ன்னுச்சு. ஹுஸ்னா அமிர்தத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டா.

டிரஸ்ட் ஆளுங்க வர்ற நாளும் வந்துச்சு. அக்கினி நட்சத்திரம். நசீரும் கூட மூணு பேரும் கார விட்டு இறங்கும்போதே சட்டையெல்லாம் நனஞ்சு போயிருந்தாங்க. அமிர்தம் மேஜைக்கடியில பவர் சப்ளைப் பொட்டி கிட்ட குனிஞ்சு கடைசியா ஒரு தடவ வயரப் பாத்துக்கிட்டு இருந்தா. மேஜையச் சுத்தித் துணி தொங்குது. பவர் சப்ளைக்குள்ள இருக்கற குட்டி ஃபேனு எப்பவும் மூஞ்சியில ஊதிக்கிட்டே இருக்கும்.

அண்ணாதுரை அன்னைக்கு ஒத்தாசைக்கு வந்திருந்தாரு. வந்தவங்க வேர்த்து விறுவிறுத்து நிக்கறதப் பாத்தாரு. நம்ம பக்கத்துல ஒரு ஆளு வூட்டுக்கு வந்தா, வாங்கன்னு சொல்ற வாயும் ஃபேன் சுச்சுக்குப் போற கையும் ஒண்ணாத்தான் போகும். தண்ணி செம்பு அப்புறம்தான். நல்ல மனுசன், மரியாதை தெரிஞ்ச மனுசன், நாற்காலிக்கு மேல இருந்த பழைய ஃபேன முழு வேகத்துல வச்சுட்டாரு. ஃபேனு கடகடன்னு மண்டபம் அதிர ஆட ஆரம்பிச்சுது.

அமிர்தம் எந்திரிச்சுப் பாத்தா, மணியக் காணோம். வலையிலயும் இல்ல, கீழ்ச் சட்டியிலயும் இல்ல. பதறிப் போயி இன்னொரு மணிய வச்சா. ஒரு நொடி நின்னு பறந்துடுச்சு. மேல பட்ட காத்த அந்தக் குட்டி ஃபேனோடதுன்னு நெனச்சுக்கிட்டு, வயரு லூசாயிருக்கும்னு மறுபடி மேஜைக்கடியில பூந்தா. ஒவ்வொரு இணைப்பாப் புடிச்சுப் பாக்கறா. ஹுஸ்னா வாசல்ல மத்தவங்களுக்கு செருப்பு விட இடம் காட்டிக்கிட்டு இருக்கா. நசீரு மட்டும் கிட்ட வந்துட்டாரு.

"ஃபேன நிறுத்துங்கம்மா, காத்துல பறக்குது"ன்னாரு. மறுபடியும், "அம்மா, ஃபேனு."

அமிர்தம் தலையத் தூக்கல. நசீரு கொஞ்சம் சத்தமாவே சொன்னாரு. அப்பவும் அவ வயரத்தான் திருகிக்கிட்டு இருந்தா. அண்ணாதுரை ஓடிப் போயி ஃபேன அணைச்சாரு. ஃபேன் சத்தம் அடங்கினதும் மண்டபமே அமைதியாயிடுச்சு. அவ வெளிய வந்து நிமிந்தப்போ எல்லாரும் அவளையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. தா.பழூர் மண்டபத்துல பாத்த அதே பார்வை. அவளுக்குப் புரிஞ்சு போச்சு.

"இந்தம்மாவுக்குக் காது கேக்காதா?" நசீரு ஹுஸ்னாகிட்ட திரும்பினாரு. "மைக் செட்காரங்க, சவுண்டு வேல தெரிஞ்சவங்கன்னுல்ல சொன்ன?"

ஹுஸ்னா வாயத் தொறக்கறதுக்குள்ள அமிர்தம் சொல்லிட்டா. இதுக்கு மேல மறைக்க என்ன இருக்கு. "கேக்காதுங்க. ரெண்டு வருசமாக் கொறஞ்சுக்கிட்டே வருது. இந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லல. வேலை போயிடும்னு பயந்துதான் சொல்லல. தப்பு என்னோடது, அவமேல கோவப்படாதீங்க." கண்ணுல தண்ணி வந்துடுச்சு, தொடைக்கலை.

ஹுஸ்னா அவ பக்கத்துல வந்து நின்னா. அமிர்தத்துக்கு உதடு தெரியற மாதிரி நேரா நின்னுக்கிட்டுத்தான் பேசினா. "மாமா, மெஷினு இப்ப ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

நசீரு காதத் தீட்டிக்கிட்டு நின்னாரு. "இல்லையே."

"எனக்கும் கேக்கல. இதுக்குக் காதே வேணாம் மாமா." அப்புறம் அமிர்தத்தப் பாத்து சிரிச்சா. "அக்கா, எனக்கு மொத நாளே தெரியும். சத்தம் நல்லா கேக்குது, ட்ரெபிளு தூக்கலா இருக்குன்னு சொன்னீங்களே. ஒலகத்துல ஒருத்தரும் அதக் கேட்டதில்ல."

அமிர்தம் அவ கையப் புடிச்சா. "தெரிஞ்சுமா என்னைய வச்சுக்கிட்ட?"

"நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். மணி நிக்கிற வரைக்கும் டீகூட குடிக்காம உக்காந்திருந்தீங்களே, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். வேற ஆளத் தேடுற எண்ணமே எனக்கு வரலக்கா."

அமிர்தம் மூக்க உறிஞ்சிக்கிட்டு, ஒரு புது மணிய எடுத்து வலை மேல வச்சா. மணி எந்திரிச்சு அந்தரத்துல நின்னுச்சு. நசீரு கிட்ட வந்தாரு. துபாய்ல பெரிய பெரிய கட்டடமெல்லாம் பாத்த மனுசன். மேல பாத்தாரு, கீழ பாத்தாரு. கைய உள்ள விட்டு நூலத் தேடினாரு. மணி உக்காந்துச்சு, கைய எடுத்ததும் எந்திரிச்சுது. மறுபடி விட்டாரு. அப்புறமும் விட்டாரு. கூட வந்தவரு, "போதும் பாய், நாங்களும் பாக்கணும்ல"ன்னு அவர இடிச்சுத் தள்ள வேண்டியதாப் போச்சு. வேர்வை வழிஞ்சு ஓடுது, ஃபேனப் போடச் சொல்லி ஒருத்தரும் கேக்கல. கெளம்பும்போது நசீரு அமிர்தத்துக்கு முன்னாடி வந்து நின்னு, வாய நல்லாத் தொறந்து நிதானமாச் சொன்னாரு, "நாளையில இருந்து இது உங்க பொறுப்பும்மா."

இப்ப குரும்பலூருக்குப் போனீங்கன்னா பாக்கலாம். ஃபேன் சுச்சு மேல கறுப்பு டேப்ப நாலு சுத்து ஒட்டி வச்சிருக்கா. அது அண்ணாதுரைக்காகவே ஒட்டினது. ஸ்கூலு புள்ளைங்க கூட்டமா உள்ள வந்ததும் மேஜைக்கு முன்னாடி வந்து நிப்பா, பழைய மைக் செட்டுத் தொண்டையோட.

"எனக்குக் காது கேக்காது. கேள்வி இருந்தா மூஞ்சிக்கு நேரா வந்து கேளுங்க. இந்தப் பொட்டி இப்ப பெரிய சத்தம் போட்டுக்கிட்டு இருக்கு, அது உங்களுக்கும் கேக்காது. அதனால இந்த ரூமுல நம்ம எல்லாரும் ஒண்ணுதான். வாங்க, வந்து கைய உள்ள விட்டு நூலு இருக்கான்னு பாருங்க."